தண்ணி ஏறுதா, எறங்குதா?

ஒகேனக்கல்லுக்குக் கிளம்புகிறவர்கள் முதல் நாள் சாயந்திரமே போன் போட்டுவிடுவார்கள். "அண்ணா, தண்ணி எவ்வளவு வருது?" நான் எண்ணைச் சொல்வேன். ஐயாயிரம் கன அடி என்றால் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. பிறகு, "அப்படின்னா வரலாமா?" என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான். முதல் கேள்விக்குப் பதில் பிலிகுண்டுலுவில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் சொல்லப் பழகியதுதான் என் தொழில் வாழ்க்கை.

ஊட்டமலையில் பிறந்து, அப்பாவுக்குப் பின்னால் துடுப்பைப் பிடித்தவன் நான். பரிசல் ஓட்டக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. மூங்கிலைப் பிளந்து பின்னுவதும், அடியில் சீட் போர்த்தித் தார் காய்ச்சிப் பூசுவதும், முன்னால் குந்தி உட்கார்ந்து துடுப்பை உள்ளுக்கு இழுத்துப் பரிசல் சுற்றாமல் நேராகக் கொண்டுபோவதும் கை தானாகப் படித்துக்கொள்ளும் வேலைகள். இன்றைக்கு ஆற்றில் ஆளை இறக்கலாமா, கூடாதா என்பதைக் கற்கத்தான் காலம் பிடித்தது.

எங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்துக்கும் எங்கள் ஆற்றுக்கும் பல நாட்களில் சம்பந்தமே இருக்காது. ஜூலையில் பென்னாகரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆறு மட்டும் கரை தொட்டு ஓடும். கேரளத்தில் வயநாட்டு மலையில் பெய்த மழை கபினி அணைக்கு வரும். குடகில் பெய்தது கண்ணம்பாடிக்கு வரும். கிருஷ்ணராஜ சாகரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் கண்ணம்பாடி என்றுதான் சொல்வார்கள். கண்ணம்பாடி 49 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும், கபினி 19 டி.எம்.சி. சொச்சம்தான். சின்ன அணை சீக்கிரம் நிறைந்துவிடும், அதனால் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் எங்களுக்கு முதலில் வருவது பெரும்பாலும் கபினித் தண்ணீர். அந்த அணையின் முழு மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 2,284 அடி. அது 2,280-ஐத் தாண்டிவிட்டது என்று கேட்டால் நான் அடுத்த வாரத்துக்கு யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். கண்ணம்பாடிக்கு முழு மட்டம் 124.80 அடி. இரண்டிலும் திறக்கும் தண்ணீர் எங்களை எட்ட ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஆறு ஏற்கெனவே நிறைந்து ஓடினால் அதற்கும் முன்னாலேயே வந்து நிற்கும். அந்த இரண்டு நாள்தான் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம்.

தமிழ்நாட்டு எல்லைக்குள் தண்ணீர் நுழைவதை அளக்கிற இடம் பிலிகுண்டுலு. மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் அங்கே இருக்கிறது. காவிரி வழக்கைப் பற்றிப் பேப்பரில் படித்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பேர் தெரியும். இரு மாநிலத்துக்கும் கணக்கு முடிவது அங்கேதான். கரையில் நட்ட அளவுகோலில் மட்டம் எத்தனை மீட்டர் என்று பார்ப்பார்கள். ஆற்றின் குறுக்கே அகலம் எவ்வளவு, அங்கங்கே ஆழம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கருவியை இறக்கி அளப்பார்கள். இவற்றைப் பெருக்கினால் ஒரு விநாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். ஐயாயிரம் கன அடி என்றால் விநாடிக்கு ஒன்றரை லட்சம் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நம் முன்னால் கடந்துபோகிறது. இதைச் சொன்னால் முதல் முறை வருகிறவர்கள் கொஞ்சம் மிரளுவார்கள். மிரளட்டும் என்றுதான் சொல்வேன். மிரண்டவர்கள் பரிசலில் எழுந்து நிற்க மாட்டார்கள்.

செல்போன் வருவதற்கு முன்னால் எங்களுக்குக் கிடைத்தது மேட்டூர் அணை நிலவரம். ரேடியோவில் சொல்வார்கள், மறுநாள் பேப்பரில் வரும். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. டெல்டா விவசாயிக்கு அது பொன்னான செய்தி. எங்களுக்கு அது பழைய செய்தி. மேட்டூருக்கு வந்து சேர்ந்த தண்ணீர் எங்களைத் தாண்டித்தானே போயிருக்கிறது? பேப்பரில் "வரத்து அதிகரிப்பு" என்று படிக்கும்போது அந்த வரத்து அணைக்குள் போய் அடங்கியிருக்கும். அதனால் அப்பா பேப்பரை நம்பியதில்லை. துறைக்கு எதிரே இருக்கும் ஒரு பாறையை நம்பினார். வீட்டில் அதைக் குத்துக்கல் என்போம். கல்லின் இடுப்பில் தண்ணீர் நின்றால் குழந்தைகளை ஏற்றலாம், தோளில் நின்றால் பெரியவர்கள் மட்டும், தலை முழுகினால் பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் அவருடைய அளவை நிலையம்.

இன்று எனக்கு இரண்டும் இருக்கிறது. வாட்ஸாப்பில் பிலிகுண்டுலு எண் வருகிறது, குத்துக்கல்லும் அங்கேயே நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத நாட்கள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தன.

ஏன் ஒத்துப்போகாது? பெரிய காரணம் சின்னாறு. பஞ்சப்பள்ளி அணை வழியாகப் பாலக்கோட்டுச் சீமையைக் கடந்து வரும் அந்த ஆறு, காவிரியில் வந்து கலப்பது எங்கள் ஒகேனக்கல்லில். பிலிகுண்டுலு எங்களுக்கு மேலே இருக்கிறது. ஆக, சின்னாற்றில் வெள்ளம் வந்தால் பிலிகுண்டுலு எண்ணில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. வருஷத்தில் பாதி நாள் அது மணலும் குட்டையுமாகக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி இடி இடித்துப் பெய்தால் விடிவதற்குள் செம்மண் கரைசலாக வந்து இறங்கும். அணைத் தண்ணீர் மெதுவாக ஏறும், முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். காட்டாற்றுத் தண்ணீர் அப்படி இல்லை.

மேலே அணைகளின் எண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். கபினியும் காவிரியும் சேர்ந்த பிறகு வழியில் சிம்சா வந்து கலக்கிறது. சங்கமம் என்ற இடத்தில் அர்க்காவதி வந்து கலக்கிறது. அர்க்காவதி நந்தி மலையில் பிறந்து பெங்களூருப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவது. ஊர்க்கழிவைச் சுமக்கும் விருஷபாவதியும் அதில்தான் சேர்கிறது. பெங்களூரில் பேய் மழை என்று டி.வி.யில் காட்டினால் எந்த அணையும் மதகைத் திறந்திருக்காது, எங்கள் ஆறு மட்டும் ஏறும். அந்தத் தண்ணீருக்கு நுரையும் வாடையும் உண்டு. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், கேரெட்டி, ராசிமணல் பக்கத்துக் காட்டில் பெய்தாலும் கதை இதுதான். அணைகளின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "நாளைக்கு நிச்சயமாக நன்றாக இருக்கும்" என்று சொல்கிற ஆள் மழைக்காலத்தில் ஆற்றோரம் அதிக நாள் இருந்ததில்லை என்று அர்த்தம்.

எண்ணுக்கு இன்னொரு குறை உண்டு. அது தண்ணீரின் அளவைச் சொல்லும், அந்தத் தண்ணீர் ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. ஒகேனக்கல்லில் காவிரி ஒரே மாதிரி ஓடுவதில்லை. அருவிக்கு மேலே கோத்திக்கல் பக்கம் பாறைகளுக்கு நடுவே பல கிளையாகப் பிரிந்து அகலமாகப் பரவும். பிறகு ஐவர்பாணி, சினி பால்ஸ், மெயின் அருவி என்று விழுந்து, இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை நிற்கும் இடுக்குக்குள் போகும். ஒரு செம்புத் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றினால் விரல் நனையும், அதையே ஒரு குழாய்க்குள் ஊற்றினால் முழங்கை வரை ஏறும். மூவாயிரம் ஆறாயிரமாக மாறும்போது மேலே அகலத்தில் பார்க்கிறவருக்கு ஏதோ கொஞ்சம் கூடின மாதிரித்தான் தெரியும். இடுக்குக்குள் மட்டம் ஆள் உயரத்துக்கு ஏறியிருக்கும், ஓட்டமும் மாறியிருக்கும். அதற்கு முன் பரிசலை ஒதுக்கி நிறுத்தி ஆட்களுக்கு மூச்சு வாங்க விட்ட பாறைத்திட்டு காணாமல் போயிருக்கும். அருவி விழுகிற இடத்துப் பக்கம் தண்ணீர் கீழே போய் மேலே வந்து திரும்பவும் அருவியை நோக்கியே இழுக்கும். பரிசலுக்கு அடியில் கட்டை கிடையாது, மூக்கும் கிடையாது. வட்டமான பாத்திரம், இழுத்த பக்கம் போகும்.

அதனால் எண் வந்ததும் நான் கேட்கும் அடுத்த கேள்வி: "தண்ணி ஏறுதா, எறங்குதா?"

ஐயாயிரம் கன அடி ஏறும்போது ஓர் ஆறு, இறங்கும்போது வேறோர் ஆறு. நேற்று ஒன்பதாயிரம், இன்று காலை ஆறாயிரம், இப்போது ஐயாயிரம் என்றால் இன்னும் இரண்டு மணி நேரத்தில் இதைவிட நல்ல தண்ணீரில்தான் இருப்பேன் என்று நம்பிப் போகலாம். நேற்று இரண்டாயிரம், காலையில் மூவாயிரத்து ஐந்நூறு, இப்போது ஐயாயிரம் என்றால், நான் திரும்பி வரும்போது என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏறும் தண்ணீர் கரையில் கிடந்த சருகையும் குச்சியையும் சில சமயம் முழு மரத்தையும் தூக்கிக்கொண்டு வரும். இறங்கும் தண்ணீர் அவற்றைக் கரையில் விட்டுவிட்டுப் போகும். முதல் முறை பரிசல் ஏறுகிறவர்களை நான் ஏறும் தண்ணீரில் இறக்குவதில்லை, எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

ஏறுகிறதா இறங்குகிறதா என்று போனில் கேட்டும் தெரிந்துகொள்ளலாம், கரையில் குனிந்தும் தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. பாறையைப் பார்த்தாலும் சொல்லும். தண்ணீருக்கு மேலே ஒரு பட்டை அளவுக்கு ஈரம் கறுத்துத் தெரிந்தால் இறங்கிக்கொண்டிருக்கிறது. வெயிலில் காய்ந்த பாறையில் தண்ணீர் நேராக முட்டி நின்றால் ஏறிக்கொண்டிருக்கிறது. மணல் திட்டில் விளிம்பு ஓரமாகச் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பினால் காய்ந்த மணலுக்குள் தண்ணீர் புதிதாகப் புகுந்து காற்றைத் தள்ளுகிறது, அதுவும் ஏற்றம்தான். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் நானும் பரிசலைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போவேன். நிறம் பச்சையாகத் தெளிந்திருந்தால் அணைத் தண்ணீர், செம்மண் கலந்தால் பக்கத்து மழை. ஐவர்பாணியில் அருவிகளைப் பிரிக்கிற பாறைகள் தனித்தனியாகத் தெரிகிற வரை மனசு சமாதானமாக இருக்கும். அவை மறைந்து எல்லாம் ஒரே விரிப்பாகத் தெரிந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீர் குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. சித்திரை, வைகாசியில் வரத்து ஆயிரத்துக்கும் கீழே போகும்போது ஓட்டம் அடங்கிவிடும், பரிசல் ஓட்ட இடுக்குக்குள் அருமையாக இருக்கும். ஆனால் ஆழம் குறைந்திருக்காது. பாறைக்கு நடுவே இருக்கும் மடுக்கள் எப்போதும் போல ஆழமாகவே கிடக்கும். ஓட்டம் இல்லாததால் தண்ணீர் சாது மாதிரித் தெரியும், பையன்கள் பாறை மேலிருந்து குதிப்பார்கள். கரையில் முழங்கால் அளவு, இரண்டு எட்டு வைத்தால் நிலை இல்லை. அருவிக்கு மேலே அகலப் பக்கத்தில் இன்னொரு சிக்கல்: முனை கூரான பாறைகள் தண்ணீருக்குச் சற்றுக் கீழே ஒளிந்திருக்கும், பரிசலின் அடியைக் கிழித்துவிடும். நடு ஆற்றில் அடி கிழிந்தால் தார் காய்ச்சிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே குறைந்த தண்ணீரில் நான் பாதையை மாற்றுவேன், லைஃப் ஜாக்கெட்டை மாற்ற மாட்டேன். "தண்ணியே இல்லையே, இது எதுக்குங்க?" என்று கேட்பவருக்கு, "இருக்கிற தண்ணி போதுங்க" என்பதுதான் பதில்.

அப்படியென்றால் புதியவர்களுக்கு ஏற்ற தண்ணீர் எது? என் கணக்கில் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஐயாயிரம் வரை, இறங்கிக்கொண்டோ ஒரே அளவில் நின்றுகொண்டோ இருக்க வேண்டும், முந்தின ராத்திரி சின்னாற்றுப் பக்கம் மழை இருக்கக் கூடாது. இது என் துறைக்கும் என் கைக்கும் உள்ள அளவு. அரசாங்க அளவும் இல்லை, பக்கத்துப் பரிசல்காரரின் அளவும் இல்லை. நான் ஓட்டிவிடுவேனா என்று பார்த்து வைத்த எல்லையும் அல்ல. எட்டாயிரத்திலும் ஓட்டுவேன். பரிசலில் இருப்பவர் தப்புச் செய்தால் அதைச் சமாளிக்க எனக்கு நேரமும் இடமும் இருக்குமா என்று பார்த்து வைத்த எல்லை இது. புதியவர்கள் செய்வதெல்லாம் ஒரே மாதிரி தப்புகள்தான். போட்டோ எடுக்க எழுந்து நிற்பார்கள். அருவிச் சாரல் பட்டதும் நாலு பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். பாறை பக்கத்தில் வந்தால் கையை நீட்டிப் பிடிப்பார்கள், ஆள் நிற்கப் பரிசல் போய்விடும். பயந்த குழந்தை அம்மா மடிக்கு எழுந்து ஓடும். மூவாயிரத்தில் இவையெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்கிற கதை. எட்டாயிரத்தில் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பிலிகுண்டுலுவில் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும், மாசத்துக்கு மாசம் இவ்வளவு என்று ஓர் அட்டவணை. எல்லாரும் பயிருக்கு என்ன ஆகும் என்று படித்தார்கள். நான் அதைக் கால்குலேட்டரில் போட்டுக் கன அடி ஆக்கினேன். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி. போட்டிருந்தார்கள். நாளெல்லாம் சமமாக வந்தால் விநாடிக்குப் பதினேழாயிரம் கன அடி. செப்டம்பர் பதினாலாயிரம், அக்டோபர் ஏழாயிரத்து ஐந்நூறு. நவம்பர் ஐயாயிரத்துச் சொச்சம், டிசம்பர் இரண்டாயிரத்து எழுநூறு. பிப்ரவரி முதல் மே வரை மாசம் இரண்டரை டி.எம்.சி., அதாவது ஆயிரம் கன அடி அளவுக்கு. எந்த மாசம் குடும்பத்தோடு வரலாம் என்று கேட்கிறவர்களுக்கு அதைவிட நல்ல காலண்டர் என்னிடம் இல்லை. ஆறு தீர்ப்பைப் படித்துவிட்டு ஓடாது என்பது வேறு விஷயம். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் இரண்டு லட்சம் கன அடி எங்களைக் கடந்து போனது. வறண்ட வருஷங்களில் ஆகஸ்டிலேயே பாறை தெரிந்ததும் உண்டு. ஆனாலும் மழை முடிந்து தண்ணீர் இறங்கிவரும் கார்த்திகைக் கடைசி முதல் தை வரை புதியவர்களுக்கு நல்ல காலம் என்பது அப்பாவின் குத்துக்கல்லும் நீதிமன்றத்தின் அட்டவணையும் ஒத்துப்போகிற இடம்.

ஜனம் அப்போது வருவதில்லை என்பதுதான் எங்கள் சங்கடம். ஜனம் வருவது ஆடிப் பதினெட்டுக்கு. ஆகஸ்ட் 2 அல்லது 3. வயநாட்டிலும் குடகிலும் மழை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. புதுத் தண்ணீரைக் கும்பிடுகிற நாளில் தண்ணீர் நிறைய இருப்பது நியாயம்தான். பரிசல்காரனுக்கு மட்டும் வருஷத்தில் அதிகம் சம்பாதிக்கக்கூடிய நாளும் பரிசலை இறக்கவே கூடாத நாளும் ஒன்றாக வந்து நிற்கும். பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கும். சேலத்திலிருந்து, கிருஷ்ணகிரியிலிருந்து, பெங்களூரிலிருந்து. "ஒரே ஒரு ரவுண்டுங்க, ஓரமா மட்டும் போயிட்டு வரலாம்" என்பார்கள். பையில் பணம் இருக்கும். எனக்கு வீட்டில் பள்ளிக்கூடம் திறந்த செலவு இருக்கும். அந்த நேரத்தில் திரும்பி ஆற்றைப் பார்த்தால் ஆறு கொஞ்சம் இறங்கிவிட்ட மாதிரியே தெரியும். குத்துக்கல் முழுசாக முழுகவில்லையே, உச்சி தெரிகிறதே என்று தோன்றும். கண் பொய் சொல்வதில்லை, பார்க்க வேண்டியதைப் பார்க்கிறது. அந்த நிமிஷத்தில் அதற்குப் பார்க்க வேண்டியது பணம்.

இதற்கு நான் கண்டுபிடித்த மருந்து ஒன்றுதான். முடிவை ஆள் வந்து நிற்பதற்கு முன்பே எடுத்துவிடுவது. சாயந்திரம் ஆறு மணிக்குக் கபினி, கண்ணம்பாடி இரண்டிலும் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பார்ப்பேன். பிலிகுண்டுலு எண்ணை நேற்றைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவேன். பாலக்கோடு, அஞ்செட்டிப் பக்கம் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு மழை உண்டா என்று கேட்பேன். அப்போதே நாளைக்கு என் எல்லை எது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பேன்: "நாலாயிரம் வரை குடும்பம். அதற்கு மேல் பெரியவர்கள். ஏறினால் இல்லை." காலை ஆறு மணிக்குத் துறையில் போய் எண்ணையும் கல்லையும் பார்ப்பேன். இரண்டும் நோட்டுக்குள் அடங்கினால் ஓட்டம், இல்லாவிட்டால் இல்லை. பத்து மணிக்குப் பெரிய குடும்பம் வந்து நிற்கும்போது நான் புதிதாக எதையும் யோசிப்பதில்லை. யோசித்தவன் நேற்றுச் சாயந்திரம் வீட்டுத் திண்ணையில், யாரிடமும் காசு வாங்காமல் உட்கார்ந்திருந்தவன். அவன் சொன்னதைத்தான் இவன் செய்கிறான்.

ஒரு கார்த்திகை மாசம். பிலிகுண்டுலுவில் மூவாயிரம், நல்ல எண். ராத்திரி மலைப் பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. காலையில் சின்னாற்று முகத்தில் தண்ணீர் சிவந்து, கூட்டாற்றில் பச்சையும் சிவப்புமாக இரண்டு கோடாக ஓடியது. திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள், பாட்டி ஒருவர். நான் மாட்டேன் என்றேன். அப்பாக்காரர் விடவில்லை.

"மூணாயிரம்தானுங்களே? நீங்களேதானே நேத்துப் போன்ல நாலாயிரம் வரைக்கும் குடும்பத்தோட போலாம்னு சொன்னீங்க?"

"சொன்னேனுங்க. அது காவேரிக்குச் சொன்னது. இப்ப வந்திருக்கிறது சின்னாறு."

"மத்தவங்கல்லாம் ஓட்டுறாங்களே?"

"அவங்க ஓட்டுவாங்க. நான் பாட்டிய வெச்சுட்டு ஓட்டமாட்டேனுங்க."

அவர் வேறு பரிசல் பிடித்துப் போனார். அன்றைக்குச் சின்னாறு அதற்கு மேல் ஏறவில்லை. மதியத்துக்குள் வடிந்தும்விட்டது. குடும்பம் சந்தோஷமாகச் சுற்றிவிட்டு, கரையில் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு, எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனது. கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். இன்று அதே காலை திரும்ப வந்தாலும் நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். முடிவு சரியா என்பதை, பிறகு என்ன நடந்தது என்பதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் என்ன தெரிந்தது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். எனக்குத் தெரிந்தது, மேலே எவ்வளவு பெய்தது என்று தெரியாது என்பதுதான். ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்த தடவைகளை எண்ணி வைத்துக்கொண்டு எல்லையை ஆயிரம் ஆயிரமாக ஏற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு அந்தக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை.

இந்தக் காரணத்துக்காகத்தான் மாவட்ட ஆட்சியரின் தடை உத்தரவு வந்தால் நான் மற்றவர்களைப் போல வருத்தப்படுவதில்லை. வருமானம் போவது போவதுதான், அடுப்புக்கு அது தெரியும். ஆனால் வரத்து கூடியதும் குளிக்கத் தடை, பரிசல் இயக்கத் தடை என்று தருமபுரியிலிருந்து உத்தரவு வந்துவிட்டால், வந்து நிற்கிற ஆளிடம் நான் சண்டை போட வேண்டியதில்லை. மாட்டேன் என்று நான் சொன்னால் அது என் குணம், ஆட்சியர் சொன்னால் சட்டம். எதிர்த்துறைக்காரன் ஓட்டுகிறானே என்ற பேச்சும் இல்லை. பசிக்கிறவனை நீதிபதியாக உட்கார வைக்காத ஏற்பாடு அது. என் குறையெல்லாம், உத்தரவு வருவதற்கும் ஆறு மாறுவதற்கும் நடுவில் சில மணி நேரம் இருக்கிறது என்பதுதான். அந்தச் சில மணி நேரம் முழுக்க எங்கள் கையில் இருக்கிறது.

இப்போது என் அக்கா மகன் துடுப்புப் பிடிக்கிறான். கையில் நல்ல பலம், சுழியில் பரிசலைத் திருப்புவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவனிடம் நான் ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. "மாமா, இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டால், "நேத்து எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்பேன். நேற்றைய எண் வாயில் வராவிட்டால் அன்றைக்குப் பரிசல் கிடையாது. ஆரம்பத்தில் முறைத்தான். இப்போது நோட்டு அவன் கையெழுத்தில் நிறைந்துகொண்டிருக்கிறது.

வரப்போகிறவர்களுக்கும் நான் சொல்வது அதேதான். கிளம்புவதற்கு முந்தின நாள் பிலிகுண்டுலு வரத்து எவ்வளவு என்று பாருங்கள், அதற்கு முந்தின நாள் எவ்வளவு என்றும் பாருங்கள். கபினியில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பாருங்கள். பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டியில் மழையா என்று கேளுங்கள். உங்களோடு வருகிறவர்களில் யார் அதிகம் பயப்படுவார், யார் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார் என்று நினைத்துப் பாருங்கள், அந்த இரண்டு பேரை வைத்து உங்கள் எல்லையைப் போடுங்கள். எல்லாவற்றையும் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். துறைக்கு வந்த பிறகு எந்தப் பாதை, எங்கே உட்கார வேண்டும், மீன் எங்கே நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்வேன். இறங்கலாமா என்று மட்டும் காசு வாங்கப் போகிறவனிடம் கேட்காதீர்கள். அது நானாகவே இருந்தாலும் சரி.